ஒரே அளவு என்று சொல்லப்படும் கத்திகள்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேற்றத்துக்கும் முகாம் வாழ்க்கைக்கும் மடங்காத கத்தி ஒன்றை வாங்க நினைப்பவர், கொஞ்சம் தேடிய பிறகு பெரும்பாலும் நான்கு அங்குலம் என்ற அளவில் வந்து நிற்கிறார். குச்சி சீவவும், கயிறு அறுக்கவும், மீன் சுத்தம் செய்யவும், காய்கறி நறுக்கவும் அந்த அளவு போதும் என்பதால் அது நல்ல முடிவுதான். குழப்பம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. ஸ்வீடனின் மோராக்னிவ் நிறுவனத்தின் கம்பானியன், கார்பெர்க், அதே நாட்டு ஃபெல்க்னிவன் நிறுவனத்தின் எஃப்1, அமெரிக்காவின் எஸ்ஸீ-3, எஸ்ஸீ-4 ஆகிய அனைத்தும் ‘நான்கு அங்குல வகை’ என்ற ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன. உண்மையில் இவற்றின் அலகு, அதாவது கைப்பிடிக்கு வெளியே தெரியும் எஃகுப் பகுதி, 97 மில்லிமீட்டரில் தொடங்கி 114 மில்லிமீட்டர் வரை நீள்கிறது. தடிமனோ 2.5 மில்லிமீட்டரில் தொடங்கி 4.8 மில்லிமீட்டர் வரை செல்கிறது. நீளத்தில் உள்ள வேறுபாடு ஆறில் ஒரு பங்குதான்; தடிமனில் ஏறத்தாழ இரு மடங்கு. இருந்தும் வாங்குபவர்கள் அதிகம் ஒப்பிடுவது நீளத்தையே.

அந்த நீளத்தையும் பலர் சரியாக ஒப்பிடுவதில்லை. ஒரு கத்திக்கு அலகின் மொத்த நீளத்தையும் மற்றொன்றுக்குக் கூர் உள்ள பகுதியின் நீளத்தையும் எடுத்து அருகருகே வைப்பதுதான் மிகப் பரவலான தவறு. அமெரிக்கக் கத்தி மற்றும் கருவி நிறுவனத்தின் அளவீட்டு முறைப்படி, அலகின் நீளம் என்பது முனையிலிருந்து கைப்பிடியின் முன்விளிம்பு வரை நேர்க்கோட்டில் அளக்கப்படுவது. இடையில் கூர் இல்லாத பகுதி எவ்வளவு இருந்தாலும் அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். எஸ்ஸீ-4 கத்தியின் அலகு 4.5 அங்குலம், அதாவது 114 மில்லிமீட்டர்; அதில் கூர் உள்ள நீளம் 4.1 அங்குலம், அதாவது 104 மில்லிமீட்டர். கம்பானியனின் அலகே ஏறத்தாழ 104 மில்லிமீட்டர்தான், ஆனால் அதன் கூர் கைப்பிடியை ஏறக்குறைய ஒட்டியே தொடங்கிவிடுகிறது. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு முதலாவது ஒரு சென்டிமீட்டர் பெரிய கத்தியாகத் தோன்றும். அறுக்கும் வேலையிலோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். எஸ்ஸீ-3 கத்தியிலும் இதே கதைதான்: அலகு 3.88 அங்குலம், கூர் 3.38 அங்குலம். பெரிய கத்திகளில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. எஸ்ஸீ-6 கத்தியில் அது முக்கால் அங்குலம்.

கூரில்லாத அந்தப் பகுதியை வீண் என்று தள்ளிவிடுவதும் சரியன்று. எஸ்ஸீ-4 போன்ற கத்திகளில் அங்கே சுட்டுவிரல் பதியும்படி ஒரு குடைவு இருக்கிறது. விரலை முன்னால் கொண்டுசென்று முனையை நுணுக்கமாகக் கையாள அது உதவும். ஆனால் மரத்தைச் செதுக்கும்போது அழுத்தம் முழுவதும் கைப்பிடிக்கு மிக அருகில் உள்ள கூரிலிருந்தே வருகிறது. கூர் எவ்வளவு தள்ளித் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு மணிக்கட்டின் உழைப்பு கூடும். ஆகவே, செதுக்கு வேலைதான் முக்கியம் என்றால் கைப்பிடிக்கும் கூருக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். மொத்த நீளத்தைவிட அந்த ஒரு சென்டிமீட்டர் கையில் அதிகமாக உணரப்படும்.

அடுத்த தவறு, தடிமனைச் சரிவிலிருந்து, அதாவது அலகு கூரை நோக்கி மெலிந்து இறங்கும் விதத்திலிருந்து, பிரித்துப் பார்ப்பது. இதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். கத்தியின் முதுகில் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் கண்டவுடன், குறைந்த எண் உள்ளது நன்றாக அறுக்கும், கூடிய எண் உள்ளது பிளக்க மட்டுமே உதவும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அறுபடும் பொருளுக்குள் முதலில் நுழைவது முதுகு அல்ல. மோராக்னிவ் கத்திகளில் உள்ள ஸ்காண்டி வகைச் சரிவு, அலகின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரே தளமாக இறங்கிக் கூரில் முடிகிறது. அதற்கு மேலே அலகு முழுத் தடிமனுடன் நேராக நிற்கிறது. கம்பானியனின் கனமான வடிவம் 3.2 மில்லிமீட்டர் தடிமன் உடையது. கூரின் மொத்தக் கோணத்தை 25 பாகை என்று வைத்துக் கணக்கிட்டால், கூரிலிருந்து ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் உயரத்திலேயே அந்த முழுத் தடிமனும் வந்துவிடும். மாறாக எஸ்ஸீ-4 கத்தியில் சரிவு முதுகை நோக்கி உயர ஏறிச் செல்கிறது. முதுகில் 4.8 மில்லிமீட்டர் இருந்தாலும், அதன் அலகு சுமார் 32 மில்லிமீட்டர் அகலம் கொண்டது என்பதால், கூரிலிருந்து அதே 7 மில்லிமீட்டர் உயரத்தில் அதன் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். கேரட்டையோ உருளைக்கிழங்கையோ அறுக்கும்போது முதல் கத்தி பாதி வழியில் காயைப் பிளந்துவிடுவதும், பட்டியலில் தடிமனாகத் தெரிந்த இரண்டாவது கத்தி அமைதியாக இறங்குவதும் இதனால்தான்.

மரத்தைச் சீவும்போது நிலைமை தலைகீழாகிறது. ஸ்காண்டியின் அகன்ற சமதளம் மரத்தின் மேல் படிந்து, எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்பதைக் கைக்குத் தானே சொல்லிவிடும். புதிதாகப் பழகுபவரும் அதில் நீண்ட மெல்லிய சீவல் எடுத்துவிடுவார். சாணைக்கல்லில் தீட்டுவதும் எளிது, ஏனெனில் அந்தத் தளத்தையே கல்லின் மேல் படியவைத்தால் போதும். எஃப்1 கத்தியின் சரிவோ வெளிப்புறமாக மெல்லக் குவிந்தது. கூருக்குப் பின்னால் எஃகு அதிகம் இருப்பதால் முரட்டு வேலையைத் தாங்கும், ஆனால் அதைத் தட்டையான கல்லில் வடிவம் மாறாமல் தீட்டப் பழக்கம் வேண்டும். நீளமும் தடிமனும் ஒன்றாகவே இருந்தாலும், சரிவு வேறானால் அவை வேறு வேலைக்கான கத்திகள் என்றே நான் கொள்வேன்.

தடிமன் கூடக்கூட நல்லது என்ற எண்ணம் இதன் மறுபக்கம். வளைவதற்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடியாக உயர்கிறது, 3.2 மில்லிமீட்டரிலிருந்து 4.8 மில்லிமீட்டருக்குச் சென்றால் தடிமன் ஒன்றரை மடங்குதான், விறைப்போ 1.5 × 1.5 × 1.5 என்ற கணக்கில் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். கேட்பதற்கு இது பெரிய ஆதாயம். ஆனால் பத்து சென்டிமீட்டர் அலகுடைய கத்தி சாதாரண வேலையில் வளைந்து தோற்பது அரிது. பெரும்பாலும் சேதமடைவது கூரும் முனையும்தான், அவற்றைக் காப்பது எஃகின் பதமும் கூரின் கோணமும் முனையின் வடிவமும். ஸ்வீடன் விமானப்படை விமானிகளின் அதிகாரப்பூர்வக் கத்தியாக எஃப்1 1995 முதல் இருந்து வருகிறது. 97 மில்லிமீட்டர் அலகில் 4.5 மில்லிமீட்டர் தடிமன் என்பது, வேறு கருவியே இல்லாமல் தரையிறங்கும் ஒருவருக்கு நியாயமான விகிதம். கோடரியோ அரிவாளோ உடன் வரும் முகாமுக்கு அதே விகிதம் தேவையில்லை; அங்கே அது சமையலுக்கு இடைஞ்சலாகவே இருக்கும்.

இதே பிழை ஐந்து அங்குல வகையில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஃபெல்க்னிவன் எஸ்1 கத்தியின் அலகு 130 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர், எடை 190 கிராம் அளவில். கேபார் நிறுவனத்தின் பெக்கர் பிகே2 கத்தியின் அலகு 5.25 அங்குலம், அதாவது 133 மில்லிமீட்டர். தடிமன் கால் அங்குலம், எடை ஏறத்தாழ ஒரு பவுண்டு, நம் கணக்கில் சுமார் 450 கிராம். நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு, எடையிலோ இரண்டு மடங்குக்கு மேல். இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் ஏறியிறங்குபவருக்கு இவை ஒரே அளவுக் கத்திகள் அல்ல.

எடையை ஒப்பிடும்போது உறையைச் சேர்த்த எடையா, சேர்க்காத எடையா என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவர் கத்தியை மட்டும் நிறுத்து எழுதியிருப்பார், மற்றவர் உறையோடு சேர்த்து எழுதியிருப்பார். தோல் உறையும் பல பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் உறையும் மெல்லிய கத்தியின் எடையில் பாதிக்குக்கூட வந்துவிடலாம்.

மொத்த நீளம் என்ற எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை, ஒரு பயனைத் தவிர. அதிலிருந்து அலகின் நீளத்தைக் கழித்தால் கைப்பிடியின் நீளம் கிடைக்கும். எஃப்1 கத்தியின் மொத்த நீளம் 210 மில்லிமீட்டர், கழித்தால் 113. எஸ்ஸீ-4 கத்தியிலும் 114 தான் வருகிறது. எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் கையில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு, ஏனெனில் கைப்பிடியின் பருமனும் குறுக்குவெட்டு வடிவமும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மெல்லிய, தட்டையான பிடி சில நிமிட வேலைக்குத் தெரியாது. அரை மணி நேரம் செதுக்கினால் உள்ளங்கை சொல்லிவிடும். கடையில் தொட்டுப் பார்க்க முடியாதபோது, பிடியின் சுற்றளவை அளந்து சொல்லும்படி ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கேட்பது பயன் தரும். கையுறை அணியும் குளிர்நாட்டவரின் பாராட்டை அப்படியே ஏற்றுக்கொள்வதும் கூடாது. அவர்களுக்குப் பொருந்தும் பருத்த பிடி, வெறுங்கையால் வேலை செய்யும் சிறிய கைக்குப் பெரிதாக இருக்கலாம்.

ஒரு சென்டிமீட்டர் எங்கே பொருட்டாகும், எங்கே ஆகாது என்பதில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. காய் நறுக்குவதிலும் கயிறு அறுப்பதிலும் 97 மில்லிமீட்டருக்கும் 109 மில்லிமீட்டருக்கும் இடையே பெரிதாக வேறுபாடு தெரியாது. ஆனால் கத்தியை விறகின் தலையில் வைத்து, அதன் முதுகைக் கட்டையால் தட்டிப் பிளக்கும்போது கணக்கு மாறுகிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள விறகில் 104 மில்லிமீட்டர் அலகு இறங்கினால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 34 மில்லிமீட்டர். கட்டையால் தட்டக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். 130 மில்லிமீட்டர் அலகில் அது 60 ஆகிறது. நீளம் கால் பங்கு கூட, தட்டும் இடமோ முக்கால் பங்கு கூடுகிறது. வீசி வெட்டும் வேலைக்கு மட்டும் இந்த இரண்டு அளவுமே உதவாது. அதற்காக நான்கிலிருந்து ஐந்து அங்குலத்துக்குத் தாவுபவர், பேசாமல் ஒரு சிறிய அரிவாளை எடுத்துச் செல்லலாம்.

எஃகின் பெயரைச் சுருக்கமாகவே சொல்லலாம். எஸ்ஸீ-4 பரவலாகக் கிடைக்கும் 1095 கார்பன் எஃகு துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். கார்பெர்க்கில் உள்ள 14சி28என், எஃப்1 கத்தியில் பெயர்பெற்ற விஜி10 ஆகியவை துருவை நன்றாகத் தாங்கும். ஒரே பெயரில் கார்பன் எஃகிலும் துருப்பிடிக்காத எஃகிலும் கத்திகள் வருவதால், கம்பானியனை மற்றொன்றோடு ஒப்பிடும் முன் எந்தக் கம்பானியன் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கைப்பிடிக்குள் எஃகு எவ்வளவு தூரம் செல்கிறது என்பதும் அப்படித்தான்: கார்பெர்க்கில் அது பிடியின் கடைசி வரை சென்று வெளியே தெரிகிறது, கம்பானியனில் இடையிலேயே நின்றுவிடுகிறது. விறகு பிளக்கும் எண்ணம் இருந்தால் இது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இல்லையென்றால் கூடுதல் எடைக்கும் விலைக்கும் காரணம் மட்டுமே.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் மட்டும் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது சட்டம். ஜெர்மனியில் 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுடைய மடங்காத கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதை ஆயுதச் சட்டம் 2008 முதல் தடைசெய்கிறது. பிற்காலத்தில் பொது நிகழ்ச்சிகளுக்கான விதிகள் மேலும் இறுகியுள்ளன. எஃப்1, கார்பெர்க், எஸ்ஸீ-4 ஆகிய மூன்றும் அந்த 12 சென்டிமீட்டருக்குள் அடங்கும். 130 மில்லிமீட்டர் எஸ்1 அடங்காது. அங்கே கூர் தொடங்கும் இடத்தைக் காட்டி ஒரு சென்டிமீட்டரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், அலகின் முழு நீளத்தையே கணக்கில் வைத்து வாங்குவது பாதுகாப்பானது.