பாஸ் வாங்கியும் வரிசையில் நின்ற கதை

அரச ஆஸ்பத்திரிக்கு விடியவே போய் நம்பர் எடுத்துவிட்டு, வெளியே தேநீர் குடித்து ஆறுதலாகத் திரும்பும் பழக்கம் வன்னியில் எல்லோருக்கும் உண்டு. நம்பர் தவறிப் போனாலும் தாதியிடம் கெஞ்சி எப்படியாவது உள்ளே போய்விடலாம். இதே நம்பிக்கையோடு பாரிஸ் டிஸ்னிலாந்துக்குப் போனதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

கிளிநொச்சியிலிருந்து தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். பிக் தண்டர் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டருக்கு நீண்ட வரிசையில் நிற்காமல் ஏற நான்கு பேருக்குக் காசு கொடுத்து பாஸ் வாங்கியாயிற்று. பாஸில் இருந்த நேரம் பகல் பன்னிரண்டு. பதினொன்றரைக்கு அம்மாவுக்குப் பசி. பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் வாங்கிய இடியப்பப் பொதியைப் பிரித்தோம். சம்பலில் உறைப்புப் போதாது என்ற விசாரணை முடிந்து, கை கழுவி, கழிப்பறை தேடி, பாஸ் வரிசைக்கு வந்தபோது மணி ஒன்று. இயந்திரம் சிவப்பாக ஒளிர்ந்தது. கெஞ்சுவதற்கு எங்களில் தங்கையைத் தவிர யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவளோ வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. காசு போனது, சாதாரண வரிசையும் மிஞ்சியது. இந்த பாஸில் இருப்பது நம்பர் அல்ல, நேரம். அதைப் பார்த்துத்தான் சாப்பாட்டை வைக்க வேண்டும்.

"அது இலவசம், நாங்கள் எடுத்திருக்கிறோம்" என்று முன்பு போய்வந்த உறவினர் ஒருவராவது சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. டிஸ்னி 1999இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இலவசமாகத்தான் இருந்தது. பாரிஸில் 2021இல் அதன் இடத்துக்குக் கட்டணமுள்ள பிரீமியர் அக்சஸ் வந்துவிட்டது. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றுதான். குடும்பத்துக்கு மொத்தமாக அல்ல. நாளுக்கு நாள் மாறவும் செய்யும். நுழைவு டிக்கெட்டும் இதில் அடங்காது. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு நுழைவு டிக்கெட்டே தேவையில்லை.

பாஸில் இரண்டு வகை உண்டு. ஒன்றை அன்றைக்கு டிஸ்னிலாந்தின் கைத்தொலைபேசிச் செயலியில், ஒரு சவாரிக்கு மட்டும் வாங்கலாம். மற்றது அல்டிமேட்: நேரக் கட்டுப்பாடு இல்லாமல், அதில் சேர்ந்துள்ள ஒவ்வொரு சவாரிக்கும் ஒரே ஒரு தடவை. விலை கூடிய இந்த இரண்டாவதைப் பயத்தில் முன்கூட்டியே வாங்குகிறவர்கள் பலர். பாடசாலை நடக்கும் வாரநாளில் போகிறீர்களானால் பொறுத்துப் பாருங்கள். உள்ளே போய், செயலி காட்டும் காத்திருப்பு நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே என் கட்சி.

வாங்கும் முன் பிள்ளையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிக் தண்டருக்கு 102 சென்டிமீற்றர், ஹைபர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120 சென்டிமீற்றர் உயரம் வேண்டும். பாஸ் இருப்பதால் அளவுகோல் வளைந்து கொடுக்காது. உயரம் போதாத குழந்தை இருந்தால் 'பேபி சுவிட்ச்' கேளுங்கள்: ஒருவர் ஏறிவரும்வரை மற்றவர் குழந்தையுடன் இருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்குக் காசில்லை. பீட்டர் பான் சவாரியில் ஒரு தடவையில் ஏறுபவர்கள் குறைவு. அதனால் வரிசை நகராது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர் காசைச் செலவிட்டால் அங்கே செலவிடலாம்.

எல்லோருடைய பாஸையும் ஒரே கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் பிரிவதும் நடக்கும். சார்ஜ் தீர்ந்தால் கதை முடிந்தது. பவர் பாங்க் ஒன்று கட்டாயம்.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. போரில் காலை இழந்தவர்களும், நடக்க முடியாத முதியவர்களும் பாஸ் வாங்கும் முன், சவாரிகளில் முன்னுரிமை தரும் 'பிரயோரிட்டி கார்டு' பற்றிக் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு அது இலவசம். ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும். ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஆங்கிலத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள கிளினிக் கொப்பியை அங்கே யார் வாசிப்பார்?

எங்கள் அம்மா பாஸே இல்லாமல், படகில் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு போகும் 'இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்' சவாரியில் மூன்று முறை ஏறினார். படகுகள் அடுத்தடுத்து வருவதால் அங்கே வரிசை ஊர்ந்துகொண்டே இருந்தது. நான்காவது முறை நாங்கள்தான் விடவில்லை, கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.