கடைக்கோடிக் குழாயில் குளோரின் பார்ப்பது எப்படி

மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் பிடித்த தண்ணீர் எப்போதும் நல்ல பிள்ளைதான். மஞ்சக்குப்பமோ முதுநகரோ, கடலூரில் எந்தப் பகுதியானாலும் அந்த வரிசையின் கடைசி வீட்டில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். தொட்டியின் வெளியேற்றக் குழாய், நடுத்தெரு, கடைக்கோடி என மூன்று இடத்தில் எடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் வேண்டாம். மெயின் லைனில் நேராக இணைந்ததே கணக்கு.

தண்ணீர் திறந்ததும் ஒரு மாதிரி, கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் விழுந்து, பழுதான இணைப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் இதே கதிதான். முதல் மாதிரியில் மட்டும் குளோரின் குறைவென்றால் பெரும்பாலும் அந்தத் தெருவில்தான் கசிவு. இரண்டிலுமே குறைவென்றால் தொட்டிக்குப் போய்ப் பாருங்கள்.

டி.பி.டி. என்பது குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் வேதிப்பொருள். அந்தச் சோதனைக் குப்பியை அதே தண்ணீரில் அலசி, 10 மி.லி. எடுத்து, 1ஆம் எண் மாத்திரை ஒன்றைப் போட்டுக் கரைத்து, ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பை அட்டையோடு ஒப்பிடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-ன்படி லிட்டருக்கு குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நிறம் பளிச்சென்று வந்து உடனே வெளுத்தால் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள்: குளோரின் மிக அதிகம். ஒரு பங்கு மாதிரியில் ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, வரும் அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

குறைவாக வந்தால் முதல் சந்தேகம் தொட்டியில் குளோரினுக்காகப் போடும் பிளீச்சிங் பவுடர் மேல். உப்புக்காற்றில் திறந்து கிடந்த மூட்டை வீரியம் இழந்துவிடும். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி. வீதம் போட 100 கிராம் குளோரின் தேவை. பவுடரில் குளோரின் 25 சதவீதமானால் 400 கிராம் பவுடர், 15 சதவீதமானால் ஏறக்குறைய 670. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

0.2க்குக் கீழே போன குழாயில் கிருமிச் சோதனைக்கும் மாதிரி எடுங்கள். சோதனைக்கூடம் தரும் பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இருக்கும், அதைக் கழுவக் கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மேலே சற்று இடம் விட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் 6 மணி நேரத்துக்குள் போய்ச் சேருவது நல்லது. 100 மி.லி.யில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடை நிரம்பும் நாட்களில் இதை அடிக்கடி செய்யுங்கள்.

கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் போர்வெல் தண்ணீர் உப்பாவதை அது காட்டும், கிருமியைக் காட்டாது.