போர்க்குதிரைய வச்சு பிள்ளைங்களுக்கு நாவல் எழுதறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

டெல்டாக்காரங்க குதிரை வரைஞ்சா முக்காவாசி அது மாடாத்தான் வந்து நிக்குது, பாத்து வளந்தது அதானே. குளம்பு ரெண்டா பிளந்திருக்கும், ராத்திரி லாயத்துல படுத்து அசை போட்டுச்சுன்னு கதைலயும் எழுதிடறாங்க. குதிரைக்கு ஒத்தக் குளம்புங்க, அசையே போடாது, பெரும்பாலும் நின்னுக்கிட்டே தூங்கும். வாந்தி எடுக்கவும் அதால முடியாது, கண்டத தின்னு வயித்துவலி வந்துச்சுன்னா உசுருக்கே ஆபத்து. தீனி கெடைக்காத போர்க்களத்துல இது ஒண்ணு போதும் ஒரு அத்தியாயத்துக்கு.

படம் போடறவங்க ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்து குதிரைய பாத்து வரையறாங்க, அழகுதான், ஆனா பக்கத்துக்குப் பக்கம் முன்னங்கால தூக்கிக்கிட்டே நின்னா எப்படி? ஓடற குதிரைக்கு நாலு காலையும் முன்னயும் பின்னயும் நீட்டி பறக்க விடறது இன்னொரு கூத்து. 1878லயே மைப்ரிட்ஜ்னு ஒரு போட்டோக்காரர் கலிபோர்னியால கேமராவ வரிசையா வச்சு எடுத்து காமிச்சுட்டாரு, நாலு காலும் தரைய விட்டு எழும்பற நேரத்துல எல்லாம் வயித்துக்கடில மடங்கித்தான் இருக்கும். ஒரு எட்டு கோடியக்கரை போய்ட்டு வாங்க, காட்டுக்குள்ள மட்டக்குதிரைங்க தானா திரியுது, காத மட்டும் கவனிங்க. பயமோ கோவமோ காதுலயும் மூக்குத் துவாரத்துலயும்தான் தெரியும், புருவமும் கண்ணீரும் வரைய வேணாம்.

குதிரையே கதை சொல்லட்டும், தப்பில்ல, ஆனா எந்த நாடு எதுக்கு சண்டை போடுதுன்னு அது விளக்கக்கூடாது. அதுக்குத் தெரிஞ்சது வாசனை, சத்தம், முதுகுல உக்காந்திருக்கறவன் கை நடுங்குறது கடிவாளம் வழியா வாய்க்கு வந்து சேர்றது, அவ்ளோதான்.

போர்னா வாள வீசிக்கிட்டு பாயறது மட்டும்னு நெனைக்காதீங்க. முதல் உலகப் போர்ல, 1918 செப்டம்பர் 23ல, இப்ப இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபால ஜோத்பூர், மைசூர் படைங்க குதிரையோட பாஞ்சது நெசம், ஆனா அந்த உலகப் போர் முழுக்க குதிரைங்க நெறைய பாத்தது பீரங்கி இழுக்கற வேலை, ரேஷன் வண்டி, அடிபட்டவங்கள ஏத்தற வண்டி. பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் இருந்த மேற்கு முனைல குண்டடி பட்டு செத்தத விட சேறு, குளிரு, பசி, நோயில செத்ததுதான் அதிகம்.

அப்புறம் வெளிநாட்டுக் கதைய அப்படியே திருவாரூருக்கு தூக்கிட்டு வந்து நடவு வயல்ல குதிரைய ஏர்ல பூட்டறாங்க! இங்க ஏர் இழுத்தது மாடுங்க. சோழர் காலத்துக்குப் போனா இன்னும் வம்பு, பட்டினப்பாலைலயே குதிரை கப்பல்ல வந்து எறங்குது, சாதாரண குடியானவன் வீட்டுல அது எப்படி? ஜட்கா வண்டிக்காரர் மகன்னு வச்சுக்கோங்க, வெள்ளக்காரன் காலத்துல கும்பகோணத்துல நடக்கற கதைக்கு கச்சிதமா பொருந்தும்.

குதிரை சாகுதுன்னா செத்துச்சுன்னே எழுதுங்க, மறைக்காதீங்க. ஆனா அந்தப் படத்த இடது பக்கம் போட்டுட்டு விஷயத்த வலது பக்கத்துல வைக்காதீங்க, பிள்ளைங்க எழுத்துக்கு முன்னாடி படத்தத்தான் பாக்கும், பக்கத்த திருப்பினப்புறம் படம் வர்ற மாதிரி வைக்கச் சொல்லி லே அவுட் பண்றவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.