சிறுநீரக நீர்க்கட்டி: ஸ்கேன் அறிக்கையைப் படிப்பது எப்படி, மருத்துவர் எதைப் பார்க்கிறார்

சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருப்பதைப் பெரும்பாலோர் தற்செயலாகத்தான் அறிகிறார்கள். பித்தப்பைக் கல்லுக்காகவோ, முழு உடல் பரிசோதனையின் ஒரு பகுதியாகவோ எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் அறிக்கையில், யாரும் கேட்காத ஒரு வரி கடைசியில் வந்து நிற்கிறது: இடது சிறுநீரகத்தில் 2.8 செ.மீ. அளவில் சிம்பிள் கார்டிகல் சிஸ்ட், அதாவது சிறுநீரகத்தின் புறப்பகுதியில் ஒரு சாதாரண நீர்க்கட்டி. வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் சொல்லும்போது 'கிட்னியில் கட்டி' என்றாகிவிடுகிறது. பயத்தில் பாதி அந்தச் சொல்லிலிருந்தே பிறக்கிறது. சீழ்க்கட்டியும், புற்றுநோய்க் கட்டியும், வெறும் நீர் நிரம்பிய பையும் நம் மொழியில் ஒரே பெயரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, இது திடமானதா, நீர் நிரம்பியதா என்பதே. மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள் உள்ளன. வயது ஏற ஏற, அவற்றின் மெல்லிய குழாய்களில் ஏதோ ஒன்றின் சுவர் வெளிப்புறமாகப் புடைத்து, நாளடைவில் தனியாகப் பிரிந்து, உள்ளே தெளிந்த திரவம் சேர்ந்து ஒரு பையாகிறது என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இது மிகச் சாதாரணம். பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். இப்படிப்பட்ட ஒன்றிரண்டு கட்டிகளால் சிறுநீரகத்தின் வேலை குறைவதில்லை. ஆகவே சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் அளவு கூடியிருந்தால், பழியைக் கட்டியின் மேல் போட்டுவிட்டு அமைதியடையாமல், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

அறிக்கையைக் கையில் எடுத்ததும், சென்டிமீட்டர் கணக்குக்கு முன்பாக 'சிம்பிள்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அல்ட்ராசவுண்டில் அந்தச் சொல்லை எழுதுவதற்குக் கதிரியக்க மருத்துவர் சில அடையாளங்களைப் பார்க்கிறார். கட்டி உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருக்க வேண்டும். சுவர் மெல்லியதாக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். உட்புறம் முழுக் கறுப்பாகத் தெரிய வேண்டும். கட்டிக்குப் பின்னால் உள்ள பகுதி சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒலியலை தெளிந்த நீருக்குள் எதிரொலி எழுப்பாமல், வலுவும் குன்றாமல் கடந்துபோவதால்தான் உள்ளே கறுப்பும் பின்னால் வெளிச்சமும் தெரிகின்றன. இவை அனைத்தும் பொருந்தி, நோயாளிக்குத் தொந்தரவு எதுவும் இல்லை என்றால், பெரியவர்களைப் பொறுத்தவரை விசாரணை அங்கேயே முடிகிறது. மனத்திருப்திக்காக ஒரு சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்று வற்புறுத்துவது தேவையற்ற கதிர்வீச்சையும் செலவையும்தான் தரும். குழந்தைகளின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி தென்பட்டால் மட்டும் இந்த விதியைப் பொருத்தக் கூடாது; அதைக் குழந்தைகளுக்கான நிபுணர் தனியாக மதிப்பிட வேண்டும்.

உள்ளே தடுப்புகள், சுவரில் சுண்ணாம்புப் படிவு, கலங்கிய எதிரொலிகள், சுவர்த் தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எழுதப்பட்டிருந்தால் கதை மாறுகிறது. செப்டேஷன் (தடுப்பு), கால்சிஃபிகேஷன் (சுண்ணாம்புப் படிவு), காம்ப்ளெக்ஸ் சிஸ்ட் (சிக்கலான நீர்க்கட்டி) என்பவை அறிக்கையில் காணப்படும் சொற்கள். காம்ப்ளெக்ஸ் என்றாலே புற்றுநோய் என்று பொருளல்ல. அல்ட்ராசவுண்டால் முடிவு சொல்ல இயலவில்லை, அடுத்த சோதனை வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த அடுத்த சோதனை பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது இரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்.

இந்தச் சோதனையில் இரண்டு எண்கள் முக்கியம். சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அலகால் அளக்கப்படுகிறது. அறிக்கையில் அது ஹெச்.யு. என்று சுருக்கமாக இருக்கும். நீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு மைனஸ் 1000. கட்டிக்குள் இருப்பது 20க்கு உட்பட்டு நீரையொட்டிய மதிப்பைக் காட்டினால் அது தெளிந்த திரவம். கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கு முன்பே 70 அல்லது அதற்கு மேல், எங்கும் ஒரே சீராக இருந்தால், பெரும்பாலும் பழைய இரத்தமோ புரதம் செறிந்த திரவமோ தேங்கியிருக்கிறது என்று கொள்கிறார்கள், அதுவும் தீங்கற்றதே. இரண்டுக்கும் இடைப்பட்ட மதிப்புகள்தான் சந்தேகத்துக்கு இடமளிப்பவை. அடுத்த எண், கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம். கையின் இரத்தக் குழாயில் ஏற்றிய மருந்து இரத்தம் ஓடும் இடத்துக்கே போய்ச் சேரும். தேங்கிய நீருக்குள் இரத்த ஓட்டம் இல்லை, ஆகவே அதன் மதிப்பு மாறாது. உயிருள்ள திசு வளர்ந்திருந்தால் அந்த இடம் 20 ஹெச்.யு. அல்லது அதற்கு மேல் ஏறும். அறிக்கையில் இதை என்ஹான்ஸ்மென்ட் என்பார்கள். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சி.டி. இந்தக் கேள்விக்குப் பாதி விடையே தரும் என்பதால், ஸ்கேன் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் எந்த வகை எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சீட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு முன் கிரியேட்டினின் பரிசோதனை கேட்பார்கள். முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெல்லிய தடுப்புகளையும் நுண்ணிய என்ஹான்ஸ்மென்ட்டையும் எம்.ஆர்.ஐ. சில வேளைகளில் இன்னும் தெளிவாகக் காட்டும்.

இப்படிக் கிடைத்த விவரங்களைத் தரம்பிரிக்கும் முறையை 1986இல் வகுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் மார்ட்டன் போஸ்னியாக். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. 2019இல் அளவுகோல்கள் துல்லியமாக்கப்பட்டன. ரோமன் எண்களில் எழுதப்படும் இந்தத் தரங்களில் முதலாவது, நாம் மேலே பார்த்த சிம்பிள் சிஸ்ட். இரண்டாவதில் 2 மி.மீ.க்கு மிகாத மெல்லிய தடுப்புகள் ஒன்று முதல் மூன்று வரை இருக்கலாம், சுண்ணாம்புப் படிவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் தொடர் ஸ்கேன் தேவையில்லை.

அடுத்து வருவது 2எஃப் (அறிக்கையில் IIF). நோயாளிகளை அதிகம் குழப்புவதும் இதுதான். எஃப் என்பது ஃபாலோ-அப், அதாவது தொடர்ந்து கவனித்தல். மெல்லிய தடுப்புகள் நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சுவரோ தடுப்போ 3 மி.மீ. அளவுக்குச் சற்றே தடித்திருந்தாலோ இந்தத் தரம் தரப்படுகிறது. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், ஓராண்டில் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டுகள் என்பது வழக்கமான ஏற்பாடு. பெரும்பாலானவை மாறாமலேயே இருந்துவிடுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் மேல் தரத்துக்கு நகர்கிறது. மூன்றாம் தரத்தில் சுவரோ தடுப்போ 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தோ ஒழுங்கற்றோ இருந்து என்ஹான்ஸ்மென்ட்டும் காட்டும். இவற்றை அறுவை செய்து எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ பாதி புற்றுநோயாகவும் மறுபாதி தீங்கற்றதாகவும் இருக்கின்றன. நான்காம் தரத்தில் என்ஹான்ஸ்மென்ட் காட்டும் திடமான முடிச்சே இருக்கும்; பத்தில் ஒன்பது புற்றுநோய்.

இந்தப் படிநிலை முழுவதிலும் தரத்தை உயர்த்துவது கட்டியின் மொத்த அளவு அல்ல. 8 செ.மீ. கட்டி முதல் தரத்தில் இருக்கலாம், 2 செ.மீ. கட்டி நான்காம் தரத்தில் இருக்கலாம். 'எவ்வளவு பெரிசு?' என்று கேட்கும் உறவினருக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினமான வேலை.

மூன்றாம் தரமோ அதற்கு மேலோ என்று வந்தால் யூராலஜிஸ்டை, அதாவது சிறுநீரக அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுப் பரிசோதித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நீர்ப்பையிலிருந்து உறிஞ்சும் திரவத்தில் செல்கள் மிகக் குறைவு என்பதால், புற்றுநோய் இல்லை என்று வரும் விடையை நம்பிவிட முடியாது; திடமான பகுதி இருந்தால்தான் திசுப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. அறுவை செய்வதானால், இயன்றவரை கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவார்கள். இவ்வகைப் புற்றுநோய்கள் பெரும்பாலும் மெதுவாகவே வளர்வதால், முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் உடனே கத்தி வைக்காமல் கண்காணிப்பதும் முறையான மருத்துவமே. அந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருந்தால் கேள்வியே வேறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்புடன் கடத்தப்படும் பரம்பரைப் பல்கட்டி நோயாக அது இருக்கக்கூடும். குடும்பத்தில் இந்நோய் உள்ளவருக்கு, 15 முதல் 39 வயதுவரை மொத்தம் மூன்று கட்டிகளும், 40 முதல் 59 வரை ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இரண்டும், 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் நான்கும் இருந்தால் அல்ட்ராசவுண்டிலேயே நோயை உறுதிசெய்கிறார்கள். இந்த நோயில் மேற்சொன்ன அமைதிக்கு இடமில்லை. இளவயதிலேயே இரத்த அழுத்தம் ஏறும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். ஆகவே நெஃப்ராலஜிஸ்டின், அதாவது சிறுநீரக நோய் மருத்துவரின் தொடர் கவனிப்பு வேண்டும். நோய் வேகமாக முற்றுபவர்களுக்கு அதைத் தாமதப்படுத்த டோல்வாப்டான் என்ற மருந்து இருக்கிறது. அப்பாவோ, அத்தையோ, பெரியப்பாவோ டயாலிசிஸ் செய்துகொண்டதுண்டா, மூளையில் இரத்தக்கசிவால் இறந்தவர் உண்டா என்பதை வீட்டில் விசாரித்துக்கொண்டு போனால், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சிம்பிள் சிஸ்டைக் கரைக்க மாத்திரை கிடையாது. வாழைத்தண்டுச் சாறும் அதைக் கரைக்காது. கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியத்தைக் கட்டிக்கும் சொல்லிவிடுகிறார்கள். கட்டி பெரிதாகி விலாவில் தொடர்ந்து வலித்தாலோ, சிறுநீர்ப் பாதையை அழுத்தினாலோதான் சிகிச்சை. ஊசியால் உறிஞ்சினால் மட்டும் பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடும் என்பதால், கூடவே ஆல்கஹால் போன்ற மருந்தைச் செலுத்திச் சுவரைச் செயலிழக்கச் செய்வார்கள், அல்லது சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியின் மேற்சுவரை வெட்டி எடுப்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது அறிக்கைத் தாளை மட்டுமல்லாமல் ஸ்கேன் படங்களையும், படங்கள் பதிந்த குறுந்தகடு கொடுத்திருந்தால் அதையும், முன்பு வேறு எதற்காகவோ எடுத்த பழைய வயிற்று ஸ்கேனையும் கொண்டுபோங்கள். ஐந்தாண்டுக்கு முன் எடுத்த படத்திலும் அதே கட்டி அதே தோற்றத்தில் இருந்தால், புதிய சோதனைக்கே அவசியமில்லாமல் போகலாம். ஆனால் சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, குளிர்க்காய்ச்சலுடன் விலா வலித்தாலோ, திடீரென்று கடும் வலி வந்தாலோ, கட்டி எந்தத் தரமாக இருந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.