அமெரிக்கக் கல்லூரி ஸ்ட்ரெங்த் கோச்: தொடக்கக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரெங்த் கோச் என்பவர் கல்லூரி விளையாட்டு வீரர்களின் உடல் வலிமைக்கும் உடற்தகுதிக்கும் பயிற்சி கொடுப்பவர். இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் சறுக்குவது சான்றிதழில். பர்சனல் ட்ரெய்னர் சான்றிதழே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் நிலையான டிவிஷன் 1 கல்லூரிகளில் 2015 முதல், அங்கீகாரம் பெற்ற ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் சான்றிதழ் கட்டாயம். கல்லூரிகள் பெரும்பாலும் கேட்பது, என்.எஸ்.சி.ஏ. என்ற பயிற்சியாளர் அமைப்பு தரும் சி.எஸ்.சி.எஸ்., சி.எஸ்.சி.சி.ஏ. என்ற அமைப்பு தரும் எஸ்.சி.சி.சி. ஆகிய இரண்டில் ஒன்றைத்தான். முன்னதற்குப் பட்டப்படிப்போடு காலாவதியாகாத சிபிஆர் (இதயம் நின்றால் தரும் முதலுதவி) சான்றும் வேண்டும். பின்னதற்கு 640 மணி நேரக் களப்பயிற்சி. மேற்பார்வை செய்பவரிடம் அதே சான்றிதழ் இருக்கிறதா என்று இன்டர்ன்ஷிப்பில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்த உழைப்பு கணக்கில் வராது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் வீரர்களைப் பிழிந்தெடுப்பது. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களுக்கு, அவரவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதியைத் தோளில் வைத்து 100 ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்) கொடுத்தார்கள். 13 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நோயின் பெயர் ராப்டோமயோலிசிஸ்: தசைத் திசு சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று ஒரு பையன் சொன்னால், அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பாதி எடைதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். செட் (எத்தனை சுற்று), ரெப் (ஒரு சுற்றில் எத்தனை முறை), எடை விகிதம் (அதிகபட்ச எடையில் எத்தனை பங்கு) மூன்றையும் பெருக்க வேண்டும். 100 ஸ்குவாட், 0.5 எடை என்றால் 50 வருகிறது. மேலே சொன்ன பயிற்சியாளர் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2019-ல் தந்த வழிகாட்டுதலின்படி, இந்த எண் 11-க்கும் 30-க்கும் இடையில் இருக்க வேண்டும். 5 செட், 5 ரெப், 0.75 எடை என்றால் 18.75. இது போதும்.

ஓட்டத்துக்கும் அளவு உண்டு. முழு அளவிலிருந்து முதல் வாரம் 50 சதவீதம் குறையுங்கள். அடுத்த மூன்று வாரங்களில் முறையே 30, 20, 10 சதவீதம். முழு அளவு 2,000 கஜம் என்றால் 1,000, 1,400, 1,600, 1,800 என்று ஏறும். முதல் வாரத்தில் 15 விநாடி ஓடினால் குறைந்தது 60 விநாடி ஓய்வு. இரண்டாம் வாரத்தில் 45 விநாடி.

சிக்கிள் செல் பண்பு உள்ளவர் யார் என்று தெரியாமல் பயிற்சி தொடங்குவதும் பெரிய தவறு. இது பரம்பரையாக வரும் ரத்தத் தன்மை; கடும் உழைப்பில் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையலாம், அதுதான் சிக்கிளிங். மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதைச் சாதாரணத் தசைப்பிடிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தசைப்பிடிப்பு வந்தவர் நொண்டி நின்று, வலியில் கத்துவார். தொட்டால் தசை கல்லாக இருக்கும். சிக்கிளிங் வந்தவரோ கால் வலுவிழந்து சரிந்து, அசையாமல் கிடப்பார். தசை சாதாரணமாகவே தெரியும். இதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணி "எழுந்து ஓடு" என்று விரட்டினால் உயிரே போகலாம். உடனே நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தோற்றதற்கோ தாமதமாக வந்ததற்கோ தண்டனையாக ஓடவைக்கும்படி தலைமைப் பயிற்சியாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவர் நீக்கப்படும்போது அவர் சேர்த்த ஸ்ட்ரெங்த் கோச்சும் போவது இத்துறையில் சகஜம் என்பதால், மறுக்கத் தயங்குவது இயல்புதான். ஆகவே, நீங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். அது விளையாட்டு நிர்வாகமோ மருத்துவக் குழுவோவாக இருப்பது நல்லது. வாரத் திட்டத்தைத் தேதியோடு அவர்களிடம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.