கோத்தகிரி ஈரத்தில் கார் கீறலைச் சரிசெய்தது

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் எதிரே ஜீப் வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அப்படி ஒதுங்கியதில் உண்ணிச்செடி முள் இடது கதவு நெடுக கோடு போட்டுவிட்டது.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவினேன். மண்ணோடு தேய்த்தால் புதுக் கீறல்தான் விழும். அப்புறம் நகத்தால் குறுக்கே வருடிப் பார்த்தேன். நகம் தடுக்காதவை பெயின்ட்டுக்கு மேலே உள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டோடு நின்ற கீறல்கள். ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு மெதுவாகத் தேய்த்ததும் மறைந்துவிட்டன.

கைப்பிடிக்குக் கீழே மட்டும் நகம் மாட்டியது. உள்ளே பெயின்ட்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. அதற்கு டச்-அப் பெயின்ட்தான் வழி. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். வெறும் 'வெள்ளை' என்று கேட்டால் போதாது, ஒரே கம்பெனியில் பல வெள்ளை உண்டு.

இங்கே பெரிய தொல்லை ஈரம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் விடாது. ஈரத்தின் மேல் பூசினால் பெயின்ட் ஒட்டாது, மங்கிப்போகும். நல்ல வெயில் அடித்த மதியம் பார்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் கீறலுக்குள் மட்டும் வைத்தேன். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியாக கிளியர் கோட். குனிந்து பார்த்தால் லேசாகத் தெரியும்தான். ஆனால் இனி தகரத்தில் துரு ஏறாது, எனக்கு அதுதான் முக்கியம்.