கிளைகால் டிரம்மைப் பத்திரமாக வைப்பது எப்படி? புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

படி 1: பெயரை முழுதாகப் படியுங்கள்

'கிளைகால் வந்திருக்கு' என்று யாராவது சொன்னால், எந்தக் கிளைகால் என்று கேட்பதுதான் முதல் வேலை. கிளைகால் என்பது ஒரே பொருளின் பெயரல்ல, ஒரு வேதிப்பொருள் குடும்பத்தின் பெயர். எத்திலீன் கிளைகால் பாலியஸ்டர் நூலுக்கும் பெட் பாட்டிலுக்கும் மூலப்பொருள். வண்டி எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டிலும் பெரும்பாலும் அதுதான். புரோப்பிலீன் கிளைகாலின் தூய ரகத்தை உணவிலும் மருந்திலும் சேர்க்கிறார்கள். டிரைஎத்திலீன் கிளைகால் இயற்கை எரிவாயுவின் ஈரத்தை எடுக்கும். டைஎத்திலீன் கிளைகால் நஞ்சு. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபா வகையைச் சேர்ந்த ஒரு கிருமிநாசினி மருந்தை அதில் கரைத்து விற்றதால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. நான்குமே நிறமில்லாத, கொழகொழப்பான திரவம். பார்த்துச் சொல்லவே முடியாது.

படி 2: குணத்தை நேரில் பாருங்கள்

கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் ஒரு சொட்டு எத்திலீன் கிளைகால் விடுங்கள். மறுநாள் தண்ணீர் காய்ந்திருக்கும். கிளைகால் அப்படியே நிற்கும். அதன் கொதிநிலை 197 டிகிரி செல்சியஸ். போதாததற்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தனியாக இருந்தால் -13 டிகிரியில் உறைவது, சரிபாதி தண்ணீர் கலந்ததும் சுமார் -37 வரை உறையாது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

படி 3: டிரம்மைக் கூரைக்குக் கீழே வையுங்கள்

பலரும் தவறு செய்வது இங்கேதான். வெயிலில் டிரம் சூடாகி உள்காற்று விரியும். இரவில் குளிர்ந்து சுருங்கும். அப்போது மேல்தட்டில் மழைநீர் தேங்கியிருந்தால், மூடியின் மரை வழியாக அது சொட்டுச் சொட்டாக உள்ளே போய்விடும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்வார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கும். வெளியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் மூடிப் பக்கம் தேங்காதபடி டிரம்மைச் சற்றுச் சாய்த்து முட்டுக் கொடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கெட்டியான பாலிஎத்திலீன் இரண்டும் ஏற்றவை. துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம். பொட்டாசியம் பர்மாங்கனேட், பிளீச்சிங் பவுடர் போன்றவற்றை அருகில் வைக்காதீர்கள். பர்மாங்கனேட் மேல் கிளைகால் சிந்தினால் தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும்.

படி 4: தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்

எத்திலீன் கிளைகால் இனிக்கும். குடித்தவர் முதலில் போதை ஏறியவர் போலத் தள்ளாடுவார். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, ஓரிரு நாளில் சிறுநீரகம் கெட்டுப்போகும். கொஞ்சம் மாற்றி ஊற்றினாலும் அந்தப் பாத்திரத்தில் முழுப்பெயர் எழுதி ஒட்டுங்கள்.

படி 5: சிந்தினால்

உடனே மணல் போட்டு அள்ளுங்கள். தரை வழுக்கும், நாயும் பூனையும் நக்க வரும். சாக்கடையில் கழுவி விடாதீர்கள்.

யாராவது விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் காப்பாற்றலாம். லேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.